புதுப்பிப்பு: அந்தச் சிவப்பு ஆர்என்ஏதானா?

அக்ரிடின் ஆரஞ்சு என்ற ஒளிரும் சாயம் போட்ட ஹீலா செல்களில் (ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் மனிதச் செல் வகை) உட்கரு பச்சையாகவும் சுற்றிலும் சிவப்பாகவும் தெரிகிறது, அந்தச் சிவப்பை ஆர்என்ஏ என்று நம்பலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பினாங்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியான ஆர்என்ஏஸ் போட்டுப் பாருங்கள் என்று ஓர் அக்கா சொன்னதுதான் சரியான வழி. நிலைப்படுத்திய (உயிரில்லாமல் அப்படியே பதப்படுத்திய) செல்களில் பாதியை அந்த நொதியில் ஊறவைத்து, மீதியை நொதி இல்லாத வெறும் பஃபர் கரைசலில் வைத்து, இரண்டுக்கும் ஒரே சாயம், ஒரே எக்ஸ்போஷர். நொதி பட்டவற்றில் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசச் சிவப்பு ஏறக்குறைய மறைந்தது. உட்கருவின் பச்சை அப்படியே நின்றது. ஆக, அந்தச் சிவப்பு பெரும்பாலும் ஆர்என்ஏதான். இரட்டை இழை டிஎன்ஏவுக்குள் இந்தச் சாயம் தனித்தனியாகச் செருகிக்கொண்டு சுமார் 525 நானோமீட்டரில் பச்சையாக ஒளிரும். ஒற்றை இழை ஆர்என்ஏ மேல் அடுக்கடுக்காகச் சேர்ந்து 650 பக்கம் சிவப்பாகும். சாயம் அதிகமானால் இந்த வேறுபாடே குழம்பிவிடும், அதனால் செறிவில் கவனம் வேண்டும்.

உயிருள்ள செல்லில் இந்தச் சிவப்பை நம்பாதீர்கள். செல்லின் கழிவைச் சிதைக்கும் அமிலத்தன்மையுள்ள பைகளான லைசோசோம்களிலும் இந்தச் சாயம் குவிந்து ஆரஞ்சுச் சிவப்பாக மின்னும், ஆர்என்ஏவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புரோப்பிடியம் அயோடைடு என்ற இன்னொரு சாயம் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அது ஆர்என்ஏவிலும் ஒட்டும், டிஎன்ஏ அளவு பார்க்க அங்கேயும் ஆர்என்ஏஸ் கட்டாயம். உட்கரு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் டாப்பி (DAPI) என்ற டிஎன்ஏ சாயம் எளிது.

அப்புறம், கையுறை போடாமல் இந்தச் சாயங்களைத் தொடாதீர்கள். டிஎன்ஏவோடு ஒட்டுகிற பொருள் நம் டிஎன்ஏவையும் விடாது.