ஏற்காடு ஏற்றத்தில் சூட்டு ஊசி இறங்கியது: ரெக்கவரி வண்டிக்கு இஞ்சின் மானிட்டர் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சீலநாயக்கன்பட்டி ரெக்கவரி:

எஸ்டேட் பிக்கப் ஒன்று சேலத்தில் வேலை முடிந்து மேலே போக வேண்டியிருந்தது. பிளாட்பெட்டில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து இரண்டாவது கியரிலேயே ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவும் இஞ்சினை என்ன பாடு படுத்தும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் வண்டி பழசு, மெக்கானிக்கல் டீசல் பம்ப், ஈசியூ என்கிற இஞ்சின் கம்ப்யூட்டர் கிடையாது. டேஷ்போர்டில் தண்ணீர்ச் சூட்டைக் காட்ட கம்பெனி கொடுத்த ஒரே ஒரு ஊசிதான்.

பாதி வளைவு தாண்டியதும் ஊசி முக்கால் அளவுக்கு வந்து நின்றது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. ஏற்றம், பாரம், ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்திருக்கிறேன், ஊசி கீழே போகிறது! கிளீனர் பையன், “அண்ணே, புது கூலண்ட் நல்லா வேல செய்யுதுண்ணே, ஏறயிலேயே ஆறுது பாருங்க” என்று சிரிக்கிறான். அதே நேரம் எனக்கு மூக்கில் கூலண்ட் கசிகிற அந்த இனிப்பு வாடை. ஓரங்கட்டிப் பார்த்தால் கீழ் ஹோஸ் நீளவாக்கில் கிழிந்திருக்கிறது, ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

தண்ணீரில் மூழ்கியிருந்தால்தானே சென்சார் தண்ணீரின் சூட்டைச் சொல்லும்? அது வெறும் காற்றில் நின்றுகொண்டு இஞ்சின் ஆறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, இஞ்சினின் மேல்பாகமான ஹெட் தப்பித்தது. அந்தப் பையன் சிரித்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை.

கடையில் கலர் ஸ்கிரீன், பதினைந்து இருபது அளவு காட்டுவது என்று என்னென்னவோ எடுத்து வைத்தார்கள். இரண்டு மட்டும் வாங்கினேன். ரேடியேட்டர் மேல் டேங்கில் மட்டம் குறைந்தால் கத்துகிற புரோப் ஒன்று. ஹெட்டில் ஒரு சின்ன போல்ட்டுக்கு அடியில் வளையமாக மாட்டி, இரும்பின் சூட்டையே காட்டும் சென்சார் ஒன்று. தண்ணீர் போனாலும் இரும்பு சுடத்தானே செய்யும்.

தொப்பூர் கிரேன்:

எனக்கு நேர் எதிர். பிஎஸ்-4 வண்டி, ஈசியூ இருக்கிறது, டேட்டா எல்லாம் தயாராக வருகிறது, போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று மலிவாக ஒரு ப்ளூடூத் டாங்கிள் வாங்கினேன். பெரிய லாரிகளில் கார் மாதிரி 16 பின் சாக்கெட் இருக்கும் என்று சொல்ல முடியாது, என்னுடையது ஜே 1939 என்கிற லாரி டேட்டா முறையின் வட்டமான 9 பின். அதற்குத் தனி வயர் தேடி அலைந்தேன்.

தொப்பூர் இரட்டைப் பாலம் தெரியுமில்லையா, அங்கே மோதி நின்ற லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு தர்மபுரி பக்கம் ஏறுகிறேன். போனில் 91 டிகிரி. ஏற்றம் முழுக்க 91. பரவாயில்லையே என்று இருந்தேன். மேலே நிறுத்தி சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டு டீ வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், அப்போதும் 91! தொடர்பு எப்போது அறுந்ததோ, ஆப் கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

இப்போது வயரிலேயே இணைகிற டிஸ்ப்ளே. தொடர்பு போனால் கோடு கோடாகக் காட்டும். அதை முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். சீலநாயக்கன்பட்டி அண்ணா, ஏற்காட்டில் உயரம் வேறு இருக்கிறது, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதையும் கணக்கில் எடுங்க.

குப்பனூர் ரோடு பட்டறை:

உயரத்தால் கொதிக்கிறது என்று பாதிப் பேர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், தொப்பூர் தம்பியும் அதையே சொல்கிறார். திறந்த பாத்திரத்தில் ஏற்காட்டில் ஏறக்குறைய 95 டிகிரியில் கொதிக்கும், அது உண்மை. ரேடியேட்டர் திறந்த பாத்திரமா? 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற ரேடியேட்டர் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே சமவெளியில் 118 வரை தாங்கும், மேலே போனால் இரண்டு மூன்று டிகிரி குறையும், அவ்வளவுதான். மூடியின் ரப்பர் போயிருந்தால்தான் அந்த 95 கணக்கே வரும். மூடியை மாற்றாமல் மலையைத் திட்டி என்ன பயன்?

சீலநாயக்கன்பட்டிக்காரர் ஊசி இறங்கியது என்கிறார். சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் ஊசி இறங்கும். அதைப் பார்த்தீர்களா?

என் அனுபவம் சின்னது. மலை ரோட்டில் மண் சரிந்து எல்லா வண்டியும் குப்பனூர் வழியாகத் திருப்பி விட்ட சமயம், ஒரு வேனைக் கட்டி ஏற்றும்போது தண்ணீர் ஊசி நடுவிலேயே இருந்தது, டர்போ போய்விட்டது. தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு நொடியில் ஏறும். அதனால் பாரம் இழுக்கிறவர்கள் முதலில் மாட்ட வேண்டியது புகைச் சூட்டு மீட்டர். அதற்கு கே டைப் தெர்மோகப்பிள் என்கிற சென்சார் வாங்குங்கள். டர்போவுக்கு முன்னால், இஞ்சின் புகை வெளியே வருகிற மேனிஃபோல்டில் மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் நூறு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும், பாரம் கூடினால் வித்தியாசமும் கூடும். மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஓட்டை போட வேண்டும். ஓடுகிற இஞ்சினில் போட்டு, தூளைக் காற்று அடித்து வெளியே தள்ளிவிடுகிறோம் என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், ஒரு துணுக்கு போதும் டர்போ பிளேடைத் தின்ன. தெர்மோகப்பிள் வயர் எட்டவில்லை என்று சாதா செம்பு வயரை ஒட்டுப்போடாதீர்கள், அளவு தப்பாக வரும், அதற்கென்றே வயர் விற்கிறது. 700 டிகிரியை நெருங்கினால் காலை எடுத்து கியரைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற பூஸ்ட் மீட்டரும் இருந்தால் நல்லது. பூஸ்ட் குறைந்து சூடு ஏறினால் எங்கோ ஹோஸ் விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் பிரஷர் மீட்டர் வாங்கினால் இஞ்சினில் மாட்டுகிற அதே கம்பெனி சென்சாரோடு வாங்குங்கள். இரண்டின் ஓம்ஸ் (மின்தடை) பொருந்தாவிட்டால் ஊசி இஷ்டத்துக்கு ஆடும்.

கொண்டலாம்பட்டி கணக்குப் பிள்ளை:

நான் வண்டி ஓட்டுவதில்லை, எங்கள் ரெக்கவரி வண்டிகளின் செலவுக் கணக்கு என்னிடம். மானிட்டர் போட்டும் ஒரு வண்டி ஹெட் கேஸ்கெட் போய் வந்து நின்றது. பஸரைக் காட்டச் சொன்னேன். டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை சுற்றிச் சுற்றி, கொழுக்கட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தார் டிரைவர். “என்னங்கண்ணா இது?” என்றால், “எந்நேரமும் கத்துதும்மா, மனுசன் ஓட்ட வேண்டாமா?” என்கிறார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மாட்டியவர் எச்சரிக்கையை 85 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இஞ்சின் ஒழுங்காக ஓடுகிற சூடே அதுதான். அந்த மாடலில் அளவை மாற்றவும் வழியில்லை. அடுத்து வாங்கியதில் நாமே அளவு வைக்கலாம், 102-இல் வைத்திருக்கிறோம். டேப் இதுவரை இல்லை. நான் அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

தொப்பூர் கிரேன்:

102 கொஞ்சம் தாமதம் இல்லையாங்க? என்ன வண்டி?

சீலநாயக்கன்பட்டி ரெக்கவரி:

பட்டறை அண்ணா, கிழிந்த ஹோஸ் என் ஷெட்டில் கிடக்கிறது, வந்து பாருங்க. தெர்மோஸ்டாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? புகைச் சூட்டு மீட்டர் நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஹோஸ் கிழிந்ததை அது சொல்லியிருக்காது.

குப்பனூர் ரோடு பட்டறை:

ஹோஸ் கிழிந்தது சரி. அது ஏன் கிழிந்தது? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். 82 போட்டிருந்தால் 82-இல் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.