ஸ்டீயரிங் அதேதான், திரும்ப மட்டும் இடம் பத்தவில்லை

கேள்வி: சாம்பல்_ஜிம்னி
மூன்று கதவு சுசுகி ஜிம்னி காரிலிருந்து ஐந்து கதவுக்கு மாறியிருக்கிறேன். ஒரே ஒடிப்பில் திரும்பிய இடத்தில் இப்போது ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. மூலையில் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறுகிறது. முழுசாக ஒடித்துவிட்டு இறங்கிப் பார்த்தால், உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகமாகத் திரும்பி நிற்கிறது. ஏதாவது வளைந்துவிட்டதா?

டயர்மணி
பவர் ஸ்டீயரிங் ஆயில் பாருங்க சார்.

பழைய_லாரிக்காரன்
அந்த வண்டியில் ஆயிலே கிடையாது தம்பி, மின்மோட்டார்தான். இருந்தாலும் அது கையின் பாரத்தைத்தான் குறைக்கும், சக்கரத்தைக் கூடுதலாகத் திருப்பாது.

சாம்பல் சார், எதுவும் வளையவில்லை. உள்சக்கரம் சின்ன வட்டத்தில் ஓடுகிறது, அதனால் அதிகம் ஒடிய வேண்டும். இரண்டும் ஒரே கோணத்தில் நின்றால் டயர் இழுபட்டுத் தேயும். குதிரைவண்டிக் காலத்தில் இதை யோசித்தவர் லாங்கென்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியர். 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்த ஆக்கர்மானின் பெயர்தான் இந்த அமைப்புக்கு நிலைத்தது. உழைத்தவன் ஒருத்தன், பேர் இன்னொருத்தனுக்கு!

இனி வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம். மெதுவாகத் திரும்பும்போது வட்டத்தின் மையம் பின் ஆக்சிலின் நேர்கோட்டில்தான் விழும். ஆக்சில் பின்னால் போனால், அதே ஒடிப்புக்கு வட்டம் பெரிதாகும். உங்கள் பழைய வண்டியின் வீல்பேஸ் 2250 மி.மீ., திரும்பும் ஆரம் 4.9 மீட்டர். புதியதில் 2590, 5.7. வீல்பேஸை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் 0.46ஐ ஒட்டியே வரும். அந்த எண் வெளிச்சக்கரம் ஒடியும் கோணத்தின் சைன் (sine). அதாவது வெளிச்சக்கரம் இரண்டு வண்டியிலும் சுமார் 27 டிகிரிதான் ஒடிகிறது. ஸ்டீயரிங்கில் குறையே இல்லை.

ஓரக்கல் விஷயம் இன்னும் மோசம். ஒரே வளைவில் பின்சக்கரம் உள்ளே வெட்டுவது ஏறக்குறைய வீல்பேஸின் வர்க்கத்தோடு கூடும். உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். பழைய பழக்கத்தில் ஒடிக்காமல், இன்னும் கொஞ்சம் நேரே போய் ஒடியுங்கள்.

சாம்பல்_ஜிம்னி
நன்றி அண்ணா. அப்போ அவ்வளவு நீள லாரி எப்படித் திரும்புகிறது?

பழைய_லாரிக்காரன்
பெரும்பாலான லாரிகளில் இழுப்பது பின் ஆக்சில். முன் ஆக்சிலுக்குப் பாரம் தாங்குவதும் திரும்புவதும்தான் வேலை, அதனால் நன்றாகவே ஒடியும். 4 மீட்டர் வீல்பேஸில் வெளிச்சக்கரம் 40 டிகிரி ஒடிந்தால் ஆரம் 6.2 மீட்டர்தான், உங்களுடையதைவிட அரை மீட்டர் கூடுதல், அவ்வளவே. உங்களுடையது போன்ற ஃபோர் வீல் டிரைவில் முன்சக்கரத்துக்கும் ஜாயின்ட் வழியாகச் சக்தி போகவேண்டும். அவ்வளவு ஒடித்தால் ஜாயின்ட் தாங்காது.

டயர்மணி
அப்ப சேஸிஸை வெட்டி நீட்டினா?

பழைய_லாரிக்காரன்
ஆரம் கூடும். அப்புறம், நக்கிளில் (முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) இருக்கும் ஆர்மின் சாய்வுதான் உள்சக்கரம் எவ்வளவு கூடுதலாக ஒடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது பழைய வீல்பேஸுக்குப் பார்த்துப் போட்டது. அதை அப்படியே விட்டால், புது நீளத்துக்குத் தேவையானதைவிட உள்சக்கரம் அதிகமாக ஒடியும். முன் டயர் தேய்ந்து காட்டிக்கொடுக்கும்.