புதுப்பிப்பு: தாழ்த்திய 1972 ஷெவ்ரோலே சி10 பிக்கப்பில் டயர் உரசல் தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: முன்னால் 4, பின்னால் 6 அங்குலம் இறக்கிய வண்டி. 18x8 சக்கரம் (விட்டம், அகலம் அங்குலத்தில்), ஆஃப்செட் பூஜ்யம் (சக்கரத்தைப் பொருத்தும் முகம் அதன் அகலத்தின் நட்ட நடுவில்), நான்கிலும் 255/50 டயர் (அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 50 சதவீதம்). ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் முன் டயர் உரசும். பள்ளத்தில் இறங்கினால் பின்னால் வலது பக்கம் மட்டும் உரசும்.

மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்க்கச் சொன்னவருக்கு முதல் மரியாதை. ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) விளிம்பின் உள்பக்கம் ஒட்டி, முழு ஒடிப்போடு ரிவர்ஸ் எடுத்தேன். முன் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு டேப் கிழிந்து சுருண்டிருந்தது. வெளிவிளிம்பில் உரசுகிறது என்றால் ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு) ஆகாது; அது டயரை இன்னும் வெளியே தள்ளும். முன்னால் மட்டும் 245/45 போட்டேன். டயரின் ஆரம் 17 மி.மீ. குறைந்தது, உரசல் போயே போச்சு. பின் டயரைத் தொடாததால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதும் மாறவில்லை.

எதிர்பாராதது பின்னால்தான். டயருக்கும் ஃபெண்டருக்கும் இடைவெளி இடது 38, வலது 22 மி.மீ. டயர் மேல் குற்றமே இல்லை. காரணம் பன்ஹார்ட் ராடு, அதாவது அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி. அதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். வண்டியை இறக்கினால் ராடின் கோணம் மாறி அச்சு பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு 8 மி.மீ. நகர்த்தினேன், இப்போது இரு பக்கமும் 30. ஃபெண்டர் விளிம்பை உள்ளே மடக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், பழைய பெயிண்ட் தப்பித்தது.

அப்புறம், 80 கி.மீ. ஓடியதும் ராடின் நீளம் மாறாமல் பிடிக்கும் லாக் நட்டைப் பார்த்தேன். கால் சுற்று இறுகியது.