அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், ரிஸ்க் என்னவென்று அவரிடம் சொல்லலாமா?

திண்டுக்கல்_பொண்ணு:
அம்மாவுக்கு வயது 46. கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 8. சீக்கிரம் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். டாக்டர் "சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க" என்றதோடு சரி. நர்ஸ் இங்கிலீஷ் படிவத்தை அப்பாவிடம் நீட்டிக் கையெழுத்து கேட்டார். அம்மாவிடம் யாரும் எதுவும் பேசவில்லை. சித்தியோ, ரிஸ்க் பற்றிச் சொன்னால் பி.பி. ஏறிவிடும், மூச்சு விடாதே என்கிறார். என்ன கேட்பது, யாரிடம் கேட்பது? முன்பு இரண்டு சிசேரியன் ஆகியிருக்கிறது.

ஜிஎச்_மகப்பேறு:
அந்த இரண்டு சிசேரியனை டாக்டரிடம் மறுபடியும் சொல்லுங்கள். பழைய தழும்பில் மூத்திரப்பை கர்ப்பப்பையோடு ஒட்டியிருக்கலாம், பிரித்தெடுக்கும்போது கிழிய வாய்ப்பு கூடுதல். சிறுநீர்க்குழாயும் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு அடியிலேயே ஓடுகிறது, அதனால் கைதேர்ந்தவர்களுக்கும் அந்த இடம் பயம்தான். நோயாளியிடம் சொல்வதற்காகப் பிரிட்டனின் ராயல் காலேஜ் (அங்குள்ள மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் அமைப்பு) ஒரு கணக்கு தந்தது: 1000 பேரில் 7 பேருக்கு இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் காயம், 23 பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும், 4 பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும். நான் 7 என்று சொன்ன கையோடு மீதி 993 பேரையும் சொல்லிவிடுவேன், கேட்கிறவர் முகம் கொஞ்சம் தெளியும். ஹீமோகுளோபின் 8 என்பதால், அவசரம் இல்லையென்றால் இரும்புச்சத்து ஊசி போட்டு ஏற்றிவிட்டுச் செய்யலாமா என்றும் கேளுங்கள்.

கறுப்புக்கோட்டு:
அப்பா போடும் கையெழுத்து அம்மாவின் சம்மதம் ஆகாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. லேப்ராஸ்கோப்பி சோதனைக்குத்தான் (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) அந்தப் பெண் சம்மதித்திருந்தார், மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது 44, உயிருக்கு ஆபத்தும் இல்லை, அப்புறம் தாயின் சம்மதம் எப்படிச் செல்லும் என்றது கோர்ட். (நஷ்டஈடு வெறும் 25,000 ரூபாய், அது வேறு கதை.) என்ன சிகிச்சை, எதற்கு, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும், இவ்வளவையும் டாக்டர் சொல்ல வேண்டும். ஆனால் லட்சத்தில் ஒன்றாக நடப்பதையெல்லாம் சொல்லியே தீர வேண்டும் என்று அதே தீர்ப்பு கேட்கவில்லை.

ராணி_அக்கா:
தங்கச்சி, சினைப்பையை விடுவீங்களா எடுப்பீங்களா என்று முதலில் கேள். எனக்கு அதையும் சேர்த்து எடுத்தது வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தபோதுதான் தெரியும். ஹார்மோன் சுரக்கும் அது போனதால் ஒரே மாதத்தில் உடம்பு தகதகவென்று எரிகிறது, ராத்திரித் தூக்கமே இல்லை, எரிச்சலில் பிள்ளைகள் மேல் பாய்கிறேன். முன்பே சொல்லியிருந்தால் மனதைத் தயார் செய்திருப்பேன், இல்லை, விட்டுவையுங்கள் என்றிருப்பேன். டாக்டர் பேசும்போது அப்பா கொஞ்சம் வெளியே இருக்கட்டும், அவர் எதிரில் உன் அம்மா பாதி விஷயத்தைக் கேட்கவே மாட்டார். உன் சித்தி சொல்வதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடு.

திண்டுக்கல்_பொண்ணு:
நன்றி அக்கா, டாக்டர், சார். நாளைக்கு அம்மாவையே கூட்டிப்போய்ப் பேச வைக்கிறேன். அவர் ஓ நெகட்டிவ், அதுவும் சொல்ல வேண்டுமா?

ஜிஎச்_மகப்பேறு:
கட்டாயம். அந்த குரூப் சட்டென்று கிடைக்காது, ரத்த வங்கியில் இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.