அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல்: சூடானால் அணைகிறது, முன் இடது சக்கரமும் இறுகுகிறது

மார்க்4_திருச்சி:

வணக்கம். வண்டி 1986 அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். நான்கு சக்கரமும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. பிளாட்டினம் பாயிண்ட் (காயில் கரண்டை விட்டு விட்டு இணைக்கும் சுவிட்ச்) வைத்த பழைய டெல்கோ (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்), எலக்ட்ரானிக் எதுவும் மாட்டவில்லை. இரண்டு கோளாறு.

ஒன்று: காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகும். 35, 40 நிமிடம் ஓடிய பிறகு மிஸ்ஸிங் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்குள் அணைந்துவிடும். அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். பிளக், பாயிண்ட், கண்டென்சர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதிது.

இரண்டு: கிட்டத்தட்ட அதே நேரத்தில் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. நியூட்ரலில் தள்ளினால் நகராது. முன் இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளுவது) வாஷர் கிட் மாற்றியாகிவிட்டது. இது தவிர, பெடலை முதல் தடவை மிதித்தால் பாதிக்குக் கீழே போகிறது. உடனே இரண்டாவது தடவை மிதித்தால் மேலேயே நிற்கிறது.

காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தருவது), பெட்ரோல் பம்ப், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை பிரேக் ஆயில் அழுத்தமாக்குவது) மூன்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றுவதற்கு முன் எது கெட்டது என்று எப்படி உறுதி செய்வது? இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் சம்பந்தம் இருக்குமா? இன்னொன்று, மேட்டில் வண்டி பின்னால் உருளும்போது பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. அதுவும் இதில் சேருமா?

டெல்கோக்காரன்:

ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது சூடு மட்டும்தான் சார். பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடினா இன்ஜினுக்கு வேலை அதிகம், பானெட்டுக்குள்ள சூடு சீக்கிரம் ஏறும். அதனால அணையுறது கொஞ்சம் முன்கூட்டியே வரலாம், அவ்வளவுதான். தனித்தனியா பாருங்க. பிரேக்கை இன்னொருத்தர் சொல்வார், நான் இக்னிஷனுக்கு வர்றேன்.

காலையில ஷெட்டில வச்சு டெஸ்ட் பண்ணினா எல்லாமே நல்லாத்தான் காட்டும். அணைஞ்ச இடத்துலயே, முதல் ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள பாக்கணும். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், பிளாஸ்டிக் பிடி போட்ட பிளையர், ஒரு காலி பாட்டில், கொஞ்சம் பழைய துணி, ஒரு பாட்டில் தண்ணி வண்டியில இருக்கட்டும்.

அணைஞ்சதும் முதல்ல ஸ்பார்க். காயில்ல இருந்து டெல்கோ மூடி நடுவுக்கு வர்ற வயரைக் கழட்டி, பிளையரால பிடிச்சு, முனையை பிளாக்ல இருந்து கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. தள்ளி வைங்க. இன்னொருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமா, 'டப் டப்'னு சத்தத்தோட பாஞ்சா காயில் வரைக்கும் சரி. மஞ்சளா, நூல் மாதிரி வந்தாலும் வராமலே போனாலும் கோளாறு இந்தப் பக்கம். பெட்ரோல் வாடை அடிச்சா இந்த டெஸ்ட் வேண்டவே வேண்டாம்.

ஸ்பார்க் இல்லைன்னா டெஸ்ட் லேம்பை எடுங்க. ஒரு முனை எர்த். இன்னொரு முனையை காயிலோட ப்ளஸ் டெர்மினல்ல வச்சு இக்னிஷன் போடுங்க. எரியலைன்னா இக்னிஷன் சுவிட்ச், இல்ல நடுவுல இருக்கிற கனெக்டர். எரிஞ்சா அதே முனையை மைனஸ்க்கு, அதாவது டெல்கோ போற டெர்மினலுக்கு மாத்தி செல்ஃப் அடிங்க. விட்டு விட்டு எரிஞ்சா பாயிண்ட் வேலை செய்யுது. அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா பாயிண்ட் மூடலை, இல்ல மூடியும் எர்த் கிடைக்கலை. எரியவே இல்லைன்னா பாயிண்ட் மூடியே கிடக்கு, இல்ல வயர் எங்கேயோ எர்த் ஆகுது, இல்ல காயிலோட உள் சுத்து அறுந்திருக்கு.

லேம்ப் விட்டு விட்டு எரியுது, ஸ்பார்க் மட்டும் இல்லைன்னா காயில் மேலதான் சந்தேகம். சூடா இருக்கும்போதே வயர் எல்லாம் கழட்டி ஓம் பாருங்க. பேலாஸ்ட் (காயிலுக்கு முன்னால கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர்) இல்லாத 12 வோல்ட் காயில்ல ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல ஆறின நிலையில சுமார் 3 ஓம். சூட்டுல 20 சதவீதம் வரைக்கும் கூடறது செம்போட குணம், அதைப் பாத்துப் பயப்பட வேண்டாம். ப்ளஸ்ல இருந்து நடு டவர் (காயில் நடுவுல டெல்கோ வயர் செருகுற இடம்) வரைக்கும் 5,000 முதல் 15,000 ஓம்க்குள்ள எங்கேயாவது நிக்கணும். ஆறினா ஒரு அளவு, சூட்டுல ஓப்பன்னு, அதாவது சுத்து அறுந்ததுன்னு காட்டினா அதுக்கு மேல விவாதமே இல்லை.

புதுசுன்னு கண்டென்சரை நம்பிடாதீங்க. இப்ப கடையில வர்றது பாதி டப்பாவிலயே கெட்டுப்போனது. பாயிண்ட் முகத்தைப் பாருங்க: சாம்பல் நிறமா வழவழன்னு இருந்தா நல்லது, ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடுன்னா கண்டென்சர் அளவு பொருந்தலை. பாயிண்ட் கேப், அதாவது இடைவெளி, 15 தௌ (தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), 0.38 மி.மீ. பிளக் கேப் 25 தௌ, 0.64 மி.மீ. பாயிண்ட் கேப்பைத் தொட்டா டைமிங்கையும் (ஸ்பார்க் வர்ற நேரம்) திரும்ப வைக்கணும். கேப் கூடினா டைமிங் முந்தும், குறைஞ்சா பிந்தும். பாயிண்ட் மாத்தினவங்க டைமிங் பாத்தாங்களா?

ஸ்பார்க் நீலமா வருது, ஆனா வண்டி எடுக்கலைன்னா பெட்ரோல் பக்கம். இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும். காயில் ப்ளஸ் வயரைக் கழட்டி வச்சுட்டு, கார்புரேட்டர் பைப்பைக் கழட்டி பாட்டிலுக்குள்ள விட்டு செல்ஃப் அடிங்க. பெட்ரோல் துள்ளித் துள்ளி விழணும். நுரையும் காத்துமா வந்தா வேப்பர் லாக், அதாவது சூட்டுல பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாகி வழியை அடைக்குது. பைப்பைத் திரும்ப மாட்டி, ஈரத்துணியைப் பம்ப் மேலயும் பைப் மேலயும் போட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க, எடுத்துச்சுன்னா அதேதான். இந்த நிலைமையில பம்பை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்லை, சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்துல போற பைப்பைத் தள்ளி வைக்கணும்.

டிரம்_லைனிங்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மேட்டில் பின்னால் உருளும்போது பிடிப்பு குறைவது கோளாறு அல்ல. இந்த வண்டியின் முன் டிரம்மில் இரண்டு வீல் சிலிண்டர், இரண்டு ஷூவும் முன்னோக்கி ஓடும்போது சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் அமைப்பு. பின்னோக்கி உருண்டால் இரண்டுமே எதிர்த்திசையில் தள்ளப்படுகின்றன. ஹேண்ட் பிரேக் சரியாக இருந்தால் போதும்.

இரண்டாவது மிதியில் பெடல் மேலே வருவது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்பதற்கு அடையாளம். பிரேக் ஆயிலில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு போல் அமுங்கும். மிதித்து அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், வெளியே ஒழுகலும் இல்லையென்றால், அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டர் வாஷர். இந்த மூன்றையும் குழப்பித்தான் நல்ல மாஸ்டர் சிலிண்டர்கள் குப்பைக்குப் போகின்றன.

இறுகும் சக்கரத்துக்கு வருவோம். நான்கும் சூடானால் மாஸ்டர் பக்கம் தேடலாம். பெடலுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் இடையே துளி கூட ஆட்டம் இல்லாவிட்டால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும், சூட்டில் விரியும் ஆயில் ஷூவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு ஒரு சக்கரம்தான் என்பதால் வேறு வழி.

இறுகிய நிலையிலேயே வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை, முன்பக்கம் ஜாக்கி, அதன் பக்கத்தில் ஸ்டாண்ட். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றாது. இப்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பைப் நட்டை, துணி சுற்றி, அரைச் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் அழுத்தம் மாஸ்டரில் மாட்டியிருக்கிறது. விடவில்லையென்றால் நட்டை இறுக்கிவிட்டு, அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளை (ஆயிலில் உள்ள காற்றை வெளியே விடும் திருகு) திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விட்டால், அடைப்பு இரண்டுக்கும் நடுவில், அதாவது ரப்பர் ஹோஸில். நிப்பிள் திறந்தும் விடவில்லையென்றால் உள்ளே இயந்திரக் கோளாறு: துருப்பிடித்த பிஸ்டன், இழுவை போன ரிட்டர்ன் ஸ்பிரிங், அட்ஜஸ்டரை அளவுக்கு மேல் இறுக்கியது. நிப்பிளைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், ஆயில் சூடாக இருக்கும். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், உரித்துவிடும்.

என் ஊகம் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே பார்க்கப் புதிது போல் இருக்கும், உள்ளே ரப்பர் ஊதி வழி ஊசித்துளையாகியிருக்கும். காலின் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வரத் தள்ளுவது ஷூ ஸ்பிரிங் மட்டும்தான், அதற்கு அந்த வலு கிடையாது.

பானெட்_திற:

இதெல்லாம் எதுக்கு? பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டுங்க, பத்து வருஷம் டெல்கோ மூடியே திறக்க வேண்டாம்.

டெல்கோக்காரன்:

மாட்யூல் நல்ல சாமான்தான், மறுக்கலை. ஆனா காயில் சூட்டுல செத்தா மாட்யூலும் சேந்து நிக்கும், நடுரோட்ல உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு கிளம்புற வழியும் போயிடும். டெல்கோ ஷாஃப்ட் புஷ் தேஞ்சிருந்தா அதையும் முதல்ல பாக்கணும். ரோட்டாரைக் கழட்டி ஷாஃப்ட்டைப் பக்கவாட்டுல ஆட்டுங்க. பாயிண்ட் கேப் கண்ணுக்குத் தெரியுற அளவு மாறினா புஷ் காலி.

இதோட இன்னொண்ணு. டெல்கோவுக்குள்ள பாயிண்ட்டுக்கு வர்ற சின்ன வயரையும், பேஸ் பிளேட்டோட எர்த் வயரையும் ஊசிமூக்கு பிளையரால மெதுவா இழுத்துப் பாருங்க. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வேக்குவம் அந்தப் பிளேட்டை அசைக்குது. வருஷக்கணக்கா அசைஞ்சு உள்ள இழை எல்லாம் அறுந்திருக்கும், மேல துணி உறை மட்டும் முழுசா இருக்கும். இழுத்தா ரப்பர் மாதிரி நீளும்.

மார்க்4_திருச்சி:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே பார்த்தேன், அளவுகள் கீழே.

அணைந்த இடத்தில்: ஸ்பார்க் மஞ்சள், 2 மி.மீ. கூடத் தாண்டவில்லை. டெஸ்ட் லேம்ப் ப்ளஸ்ஸில் எரிகிறது, மைனஸில் விட்டு விட்டு எரிகிறது. காயில் ஆறும்போது 3.1 ஓம், சூட்டில் 3.6. நடு டவர் வரை ஆறும்போது 9,200, சூட்டில் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. ஆறியதும் மறுபடி 9,200. பாயிண்ட் முகத்தில் லேசான குழி. உள் வயர் இரண்டும் நீளவில்லை, ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை.

பிரேக்: மாஸ்டர் நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் விடவில்லை. நிப்பிளைத் திறந்ததும் பீய்ச்சி அடித்து விட்டுவிட்டது. ஆயில் காப்பி நிறம். பெடல் அழுத்திப் பிடித்தால் இறங்கவில்லை.

டெல்கோக்காரன்:

காயில்தான், முடிஞ்சுது. உள்ள மெல்லிய சுத்து எங்கேயோ அறுந்து, ஆறும்போது முனையோட முனை தொட்டுக்கிட்டு இருக்கு. சூட்டுல விரிஞ்சு விலகுது.

வாங்கும்போது மீட்டரோட கடைக்குப் போங்க. கேட்டதும் 1.5 ஓம் காயிலைத் தூக்கிக் கொடுப்பாங்க, அது பேலாஸ்ட் ரெசிஸ்டரோட ஓடுற வண்டிக்கு. உங்க வண்டியில நேரா மாட்டினா கரண்ட் 4 ஆம்பியர்ல இருந்து 8 ஆயிடும், பாயிண்ட் கொஞ்ச நாள்லயே கருகும், காயிலும் வேகும். 3 ஓம் பாத்து வாங்குங்க. நெகட்டிவ் எர்த் வண்டின்னா மைனஸ் டெர்மினல்தான் டெல்கோவுக்கு. மாத்திக் கொடுத்தாலும் வண்டி ஓடும், ஆனா பிளக்குக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும், சூட்டுலயும் மேட்டுலயும் மிஸ்ஸிங் காட்டிக் கொடுக்கும். கண்டென்சரையும் வேற ஒண்ணு போட்டுருங்க, அந்தக் குழி எனக்குப் பிடிக்கலை. பாட்டு கேக்கறதுக்காக இன்ஜின் ஓடாம இக்னிஷனைப் போட்டு வைக்கிற பழக்கம் யாருக்காவது வீட்டுல இருந்தா நிறுத்தச் சொல்லுங்க. பாயிண்ட் மூடின நிலையில நின்னா அந்த 4 ஆம்பியர் முழுசும் காயிலை அடுப்பு மாதிரி சுட வைக்கும்.

டிரம்_லைனிங்:

ஹோஸ் முன் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், பின் ஆக்சிலுக்குப் போகும் நடு ஹோஸையும் விடாதீர்கள். மூன்றுக்கும் ஒரே வயது. செம்பு வாஷர் புதிது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இறுக்கி, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி டயரிலோ சஸ்பென்ஷன் ஆர்மிலோ உரசுகிறதா பாருங்கள்.

சூடான பக்கத்து லைனிங்கைப் பார்க்காமல் டிரம்மை மூட வேண்டாம். கண்ணாடி போல் பளபளத்தால் உப்புத்தாளில் தேய்க்கலாம். விரிசலோ கிரீஸோ இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் புது லைனிங், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுவை போகாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஏர் எடுப்பதற்கு (ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றுவதற்கு) முன் அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொரு ஷூ அட்ஜஸ்டரையும் சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, உரசாமல் சுற்றும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கள். முன்பக்கம் சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர். ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு விடுவதுதான் இரண்டு மிதி பெடலுக்கு வழக்கமான காரணம். பின்பக்கம் செய்யும்போது ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். முடித்ததும் பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தால் ஷூ நடுவில் உட்காரும், பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

சீல் உடைக்காத டாட் 3 பிரேக் ஆயில் அரை லிட்டர். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில், தெளிந்த ஆயில் குமிழி இல்லாமல் வரும் வரை ஏர் எடுங்கள். காப்பி நிறம் என்றால் தண்ணீர் குடித்த ஆயில். டாட் 3 புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். டாப்-அப் செய்கிறேன் என்று இன்ஜின் ஆயிலைத் தப்பித்தவறி ஊற்றிவிட்டால் எல்லா ரப்பரும் ஊதிப்போகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாட்டி முடித்து 10 கி.மீ. ஓட்டி வந்ததும் நான்கு டிரம் மேலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஏதாவது ஒன்றில் மட்டும் 'சுர்' என்றால் அந்தச் சக்கரத்தின் அட்ஜஸ்டரை ஒரு கிளிக் தளர்த்துங்கள்.