மாதாமாதம் ஐவர்மெக்டின் போட்டும் அல்பாக்கா வெளிறிப் போகிறது: ஊசியை நிறுத்தலாமா?

பட்டிக்காணி எழுதியது:

வணக்கம். இடம் ஒன்ராறியோ, பீற்றர்பரோவுக்கு வடக்கே. 6 ஏக்கர் மேய்ச்சல், 7 அல்பாக்கா, 1 லாமா (இரண்டும் ஒட்டக இனம்). பின்வேலிக்கு அப்பால் ஈரக்காடு. வெள்ளைவால் மான்கள் வேலி பாய்ந்து உள்ளே வந்து படுத்துவிட்டுப் போகும். மான்புழுவுக்கு (மானிடமிருந்து நத்தை வழியாக வந்து நரம்பைத் தாக்குகிற புழு) பயந்து ஏப்ரலில் இருந்து 30 நாளுக்கு ஒரு தடவை 1% ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து, தலைக்கு 2 மி.லி., தோலுக்கடியில் போடப்படுகிறது. ஒரு மாதமும் தவறவில்லை. இப்போது அக்டோபர் கடைசி, மூன்று பிரச்சினை ஒன்றாக வந்து நிற்கிறது.

குட்டிக்குப் பால் கொடுக்கிற 5 வயதுப் பெண் அல்பாக்கா (65 கிலோ) மெலிகிறது. ரோமத்துக்குள் கைவிட்டால் முதுகெலும்பு கூராகத் தட்டுப்படுகிறது. முரசு (ஈறு) வெளிறல். தீன் எடுக்கிறது, கழிச்சல் இல்லை, புழுக்கை உருண்டையாகத்தான் விழுகிறது.

லாமா (ஆண், சுமார் 160 கிலோ) 2 நாளாக வலது பின்னங்காலை இழுக்கிறது. திரும்பும்போது பின்பக்கம் சரிகிறது. தீனில் குறை இல்லை.

மூன்றாவது, ஜூலையில் பிறந்த கறுப்புக் குட்டி, 25 கிலோ. பனிக்காலத்துக்கு விற்றமின் டி ஊசி அவசியம் என்கிறார்கள். எவ்வளவு?

ஐவர்மெக்டின் வேலை செய்யவில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாறலாமா?

கால்நடைக்கட்டில் எழுதியது:

முதலில் லாமா. மற்ற இரண்டும் நாளை வரைக்கும் பொறுக்கும், இது பொறுக்காது. இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ.

காரணம் நீங்கள் எழுதியதற்குள்ளேயே இருக்கிறது: "தலைக்கு 2 மி.லி." 1% மருந்தில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. ஐவர்மெக்டின். 65 கிலோ அல்பாக்காவுக்கு 2 மி.லி. என்றால் கிலோவுக்கு 0.3 மி.கி., அது சரியான அளவு. அதே 2 மி.லி. 160 கிலோ லாமாவுக்குள் போனால் கிலோவுக்கு 0.125 மி.கி.தான். அதற்கு 4.8 மி.லி. போட்டிருக்க வேண்டும். ஏப்ரலில் இருந்து அந்த லாமா பாதுகாப்பே இல்லாமல் நின்றிருக்கிறது என்றுதான் கணக்கு வைக்கவேண்டும்.

மான்புழு மானின் மூளைச்சவ்வில் வாழ்கிறது, மானுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. அதன் குஞ்சுப்புழு மான் புழுக்கையின் மேலிருக்கிற சளியோடு வெளியே வரும். அதன்மேல் ஊர்ந்து போகிற நத்தையின் உடம்புக்குள் துளைத்துப் போய், 3, 4 வாரத்தில் தொற்றும் பருவத்தை அடையும். புல்லோடு சேர்த்து அந்தச் சின்ன நத்தையை அல்பாக்காவோ லாமாவோ விழுங்கினால் புழு குடலை விட்டு வெளியேறி, சுமார் 10 நாளில் முண்ணாணுக்குள் (தண்டுவடத்துக்குள்) நுழைந்துவிடும். மானுக்குள் போல இங்கே அதற்கு வழி தெரியாது, நரம்பைத் துளைத்துக்கொண்டே திரியும். ஐவர்மெக்டின் இரத்தத்தில் இருந்து மூளை, முண்ணாண் பக்கம் சரியாகக் கடக்காது. ஆகவே அந்த ஊசி வழியில் போகிற புழுவைக் கொல்லும், போய்ச் சேர்ந்ததைத் தொடாது. கால் இழுக்கத் தொடங்கிய பிறகு இன்னொரு ஐவர்மெக்டின் போட்டு "பார்ப்போம்" என்று இருப்பது நாளை வீணாக்குகிற வேலை.

வைத்தியர் பெரும்பாலும் ஃபென்பெண்டசோல் என்ற இன்னொரு புழுமருந்தை வாய்வழியாக 5 நாள் தருவார். கிலோவுக்கு 20 முதல் 50 மி.கி. 10% கரைசலில் 160 கிலோவுக்கு அது நாளுக்கு 32 முதல் 80 மி.லி. ஆகும். அதோடு ஃப்ளூனிக்சின் போன்ற வீக்கம் குறைக்கும் மருந்து கட்டாயம். சாகிற புழுவைச் சுற்றி முண்ணாணில் வீக்கம் வரும், அதனால் முதல் இரண்டு நாளில் கால் இன்னும் மோசமாகலாம். ஃப்ளூனிக்சினை வைத்தியர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டவேண்டாம். இந்த மிருகங்களின் மூன்றாம் இரைப்பையில் புண் வருவது சுலபம், சிறுநீரகமும் அடிபடும். எழும்பி நிற்கும்போதே வைத்தியம் தொடங்கினால் மீள நல்ல வாய்ப்பு உண்டு. படுத்து எழும்பாத நிலைக்குப் போனால் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. நரம்புக்கோளாறு காட்டுகிற எந்த மிருகத்திலும் விசர்நோயை (ரேபிஸ்) வைத்தியர் விலக்கும்வரை வாய்க்குள் வெறுங்கை விடவேண்டாம், கையுறை போடுங்கோ. காய்ச்சல் பாருங்கோ: பெரிய மிருகத்துக்கு 37.5 முதல் 38.9 பாகை வரை சாதாரணம். மான்புழுவுக்குக் காய்ச்சல் வராது. தலை ஒருபக்கம் சரிந்து, காது தொங்கி, காய்ச்சலும் இருந்தால் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

நுண்நோக்கி எழுதியது:

பெண் அல்பாக்கா விஷயம் வேறு கணக்கு. இரண்டையும் "ஐவர்மெக்டின் வேலை செய்யவில்லை" என்ற ஒரே வரியில் போட்டதுதான் குழப்பம். லாமாவில் அளவு போதவில்லை. பெண்ணில் அளவு சரி, புழுதான் அசையவில்லை.

அதன் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் ஹிமோங்கஸ், மூன்றாம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கிற உருண்டைப்புழு. ஒரு புழு நாளுக்கு ஏறக்குறைய 0.05 மி.லி. இரத்தம் எடுக்கும். 1,000 புழு இருந்தால் தினம் 50 மி.லி. போய்விடும். பெண்புழு ஒன்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். இது கழிச்சல் உண்டாக்காது, அதனால்தான் புழுக்கை நன்றாக இருக்கிறதே என்று பலர் ஏமாறுகிறார்கள். மாதாமாதம் ஒரே மருந்தைப் பட்டி முழுக்கப் போடும்போது, அந்த மருந்துக்குச் சாகாத புழு மட்டும் தப்பி இனம் பெருக்குகிறது. மான்புழுவுக்கான ஊசியின் விலை இது, தவிர்க்க முடியாத விலை. ஆகவே அந்த ஊசியை வயிற்றுப்புழு மருந்தாக எண்ணவே கூடாது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது கண் பார்ப்பது. பகல் வெளிச்சத்தில், வெளியே. மேலிமையைக் கட்டைவிரலால் கண்மேல் மூடி, மெல்ல உள்ளே அழுத்தி, மற்றக் கட்டைவிரலால் கீழிமையைக் கீழே இழுத்தால் உட்தோல் பிதுங்கி வரும். இமை ஓரத்தை அல்ல, அந்த உட்படுக்கையின் நிறத்தைப் பாருங்கள். இந்த நிறத்தை ஒப்பிட்டு இரத்தக்குறைவை மதிக்கிற ஃபமாச்சா அட்டையில் 1 சிவப்பு, 5 வெள்ளை. செம்மறிக்காகத் தென்னாபிரிக்காவில் உருவான அட்டை, அல்பாக்காவுக்கும் உதவுகிறது. 4 அல்லது 5 என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் இரத்தம் எடுத்துச் செவ்வணுப் பங்கு பார்க்க வேண்டும். சாதாரணம் 27 முதல் 45%. 15க்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். அப்படிப்பட்ட மிருகத்தைத் துரத்திப் பிடிக்காதீர்கள், ஓடவிட்டால் விழுந்து சாகலாம். துணையோடு சின்ன அடைப்புக்குள் நகர்த்துங்கள். செவ்வணுவில் ஒட்டிவாழும் மைக்கோபிளாஸ்மா ஹீமோலாமேயும் இதே வெளிறலைத் தரும். இரத்தம் எடுக்கிறபோதே அதற்கும் பி.சி.ஆர். கேளுங்கள்.

புழுக்கை எடுக்கும் முறை: எல்லா மிருகமும் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவிப்பதால், குவியலில் இருந்து அள்ளினால் யாருடையது என்று தெரியாது. காலையில் கொட்டகை திறந்ததும் நேரே குவியலுக்குப் போகும். நீளக்கைப்பிடிக் கரண்டியைப் பின்னால் நீட்டி, விழும்போதே பிடியுங்கள். ஒரு கைப்பிடி, சூடாக, ஜிப் பைக்குள். காற்றை முழுக்கப் பிதுக்கி மூடுங்கள், இல்லாவிட்டால் முட்டை பொரித்துவிடும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும். ஃபிரிட்ஜில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. 24 மணிநேரத்துக்குள் ஆய்வுகூடம் போகட்டும். சர்க்கரைக் கரைசலில் சுழற்றி மிதக்கவைக்கும் முறையில் பார்க்கச் சொல்லுங்கள். குட்டியினதையும் கொடுங்கள்: ஐமேரியா மக்குசானியென்சிஸ் என்ற பெரிய கொக்சிடியா (குடலில் வாழ்கிற நுண்ணிய ஒட்டுண்ணி) பாரமானது, உப்புக் கரைசலில் சரியாக மிதக்காது. பழுப்பு நிறத்தில் அவகாடோ வடிவில் இருக்கும், ஒருதடவை பார்த்தவர் மறக்கமாட்டார். தொற்றி ஒரு மாதத்துக்கு மேலான பிறகுதான் புழுக்கையில் தெரியும், அதற்கு முன்பே குட்டி மெலியலாம்.

மருந்து போட்டு 10 முதல் 14 நாளில் அதே மிருகத்தில் மறுபடி எண்ணவேண்டும். முட்டை எண்ணிக்கையின் இறக்கம் 95%க்குக் குறைவு என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தோற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று: மான்புழு இந்த மிருகங்களுக்குள் முட்டை போடும் நிலைக்கு வருவதே இல்லை. ஆகவே லாமாவின் புழுக்கையில் ஒன்றும் தெரியாவிட்டால் மான்புழு இல்லை என்று அர்த்தம் அல்ல.

ஓஹையோ மேய்ச்சல் எழுதியது:

மேலே ரெண்டு பேரும் சொன்னது அப்படியே சரி. ஊசியை நிறுத்தலாமான்னு கேட்டதுக்கு மட்டும் பதில்: மான் வர்ற நிலத்துல இப்ப நிறுத்தாதீங்க. நத்தை அதிகம் ஊர்றது கோடைக் கடைசியும் இலையுதிர் காலமும்தான். இன்னைக்கு விழுங்குன புழு டிசம்பர்லதான் காலை இழுக்க வைக்கும். நிலம் நல்லா உறைஞ்சு சில வாரம் ஆனப்புறம் கடைசி ஊசியைப் போட்டுட்டு, பனி உருகுற வரைக்கும் இடைவெளி விடுறது வழக்கம். நடுவுல ஒரு வாரம் வெதுவெதுன்னு ஆனா நத்தை மறுபடி வெளிய வரும், அந்தத் தேதியை உங்க வைத்தியரோட பேசி வச்சுக்கோங்க.

முதுகுல ஊத்துற மருந்துக்கு மாறாதீங்க, இந்த ரோமத்துலயும் தோல்லயும் அது நம்பகமா உள்ள போகாது. எடையைக் கண்ணால மதிக்காதீங்க, ரோமம் ஏமாத்தும். தரைத்தராசு ஒண்ணு வாங்குங்க இல்ல இரவல் எடுங்க. முழங்கைக்குப் பின்னால ரோமம் இல்லாத மெல்லிய தோல் இருக்கு பாருங்க, ஊசி அங்க போட்டா தோலுக்கடியில போறது கண்ணுக்குத் தெரியும். கழுத்து ரோமத்துல போட்டு மருந்து மறுபக்கம் வெளிய வந்து நனைஞ்சது தெரியாம போறது அடிக்கடி நடக்குது.

ஊசி பாதி வேலைதான். பின்வேலி 8 அடி உயரம் இருந்தா மான் பாயாது. முழுக்க முடியலைன்னா காட்டை ஒட்டின 20, 30 அடியை உள்வேலி போட்டு மேய்ச்சல்ல இருந்து விலக்குங்க. அந்தப் பக்கம் கிடக்கிற இலைக்குவியல், பழைய மரக்கட்டை எல்லாம் அகத்தணும், நத்தை அதுக்கடியிலதான் இருக்கும். வாத்தும் கினிக்கோழியும் நத்தையைப் பொறுக்கும். மெட்டல்டிஹைடு நத்தை மருந்து வேண்டவே வேண்டாம், மிருகம் தின்னா செத்துரும்.

வயித்துப்புழுவுக்குப் புல்லு உயரம் முக்கியம். குஞ்சுப்புழு பெரும்பாலும் கீழ்ப்பகுதி 2 அங்குலத்துலதான் இருக்கும். புல்லு 4 அங்குலத்துக்கு வந்தா அடுத்த அடைப்புக்கு மாத்துங்க. குவியலை கோடையில வாரம் ரெண்டு தடவை அள்ளுங்க.

மெலிஞ்ச தாய்க்குப் புரதம் கூட்டணும், லூசெர்ன் (குதிரைமசால்) காய்ஞ்ச புல்லு கொடுக்கலாம். பெல்லட் வாங்கினா பையோட சீட்டை முழுக்கப் படிங்க. மாடு, கோழித் தீவனத்துல மொனென்சின்னு ஒரு மருந்து கலந்திருக்கலாம், அது இந்த இனத்துக்கு நஞ்சு. கொஞ்சம் கலந்திருந்தாலே பட்டியோட போயிரும்.

கறுப்புக் குட்டிக்கு டி கண்டிப்பா. இவங்க பூர்வீகம் ஆண்டீஸ் மேட்டுநிலம், கிட்டத்தட்ட 4,000 மீட்டர், உரைக்கிற வெயில். உங்க ஊர்ல பனிக்காலச் சூரியன் தாழ்வா ஓடும், கறுப்பு ரோமம் வர்றதையும் மறைச்சிரும். டி குறைஞ்சா இரத்தத்துல பாஸ்பரஸ் இறங்கும், முதுகு கூனும், முன்னங்கால் முழங்கால் மூட்டு தடிக்கும், குட்டி நடக்காம படுத்தே இருக்கும். கிலோவுக்கு 1,000 முதல் 2,000 அலகு, தோலுக்கடியில, 2 மாசத்துக்கு ஒரு தடவை, இப்ப இருந்து மார்ச் வரைக்கும். 25 கிலோவுக்கு 37,500 அலகுன்னு வச்சுக்கோங்க. மி.லி.க்கு 75,000 அலகுன்னு புட்டியில எழுதியிருந்தா அரை மி.லி. 1 மி.லி. சிரிஞ்சுலதான் எடுக்கணும். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே"ன்னு போட்டா சிறுநீரகத்துல சுண்ணாம்பு படியும்.

பட்டிக்காணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கால்நடைக்கட்டில் அண்ணை, லாமாவுக்கு அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது. 5 நாள் மருந்து முடிந்தது. இழுவை பாதி குறைந்திருக்கிறது, தானாக எழும்புகிறது.

பெண்ணின் கீழிமை 4. செவ்வணு 16%. மைக்கோபிளாஸ்மா இல்லை. முட்டை, கிராமுக்கு 2,400. வைத்தியர் வாய்வழி மொக்சிடெக்டினும் ஃபென்பெண்டசோலும் ஒன்றாகக் கொடுத்தார். 14ஆம் நாள் முட்டை 300. செவ்வணு 21%. இது போதுமா? இன்னொரு தடவை அதையே கொடுக்கலாமா?

நுண்நோக்கி எழுதியது:

செவ்வணு ஏறுவது நல்ல செய்தி, இரத்தம் குடிக்கிற வாய் குறைந்திருக்கிறது. ஆனால் 2,400இல் இருந்து 300 என்றால் 87.5% இறக்கம், 95% அல்ல. மிஞ்சியிருப்பது இரண்டு மருந்துக்கும் தப்பிய புழு. மொக்சிடெக்டின் ஐவர்மெக்டினின் குடும்பம்தான். அதையே மறுபடி கொடுத்தால் இந்த மிச்சத்தைத்தான் வளர்ப்பீர்கள்.

வேறு குடும்பத்து மருந்து, லெவமிசோல் போன்றது, எடுத்துத்தர முடியுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். கிலோவுக்கு 8 மி.கி. வாய்வழி. அதில் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி குறுகல், எச்சில் ஒழுகி நடுங்கத் தொடங்கும். ஆகவே கொடுக்கிற அன்று காலையில் தராசில் நிறுத்த எடைதான் கணக்கு. பெண் மறுபடி சினையாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆல்பெண்டசோலை யாராவது மாற்றாகச் சொன்னால் சினைக்கும் குட்டிக்கும் வேண்டாம்.

மற்ற 6 அல்பாக்காவுக்கும் இப்போது மருந்து கொடுக்காதீர்கள். முதலில் 6இன் கண்ணும் புழுக்கையும். இமை 1, 2 ஆகவும் முட்டை குறைவாகவும் இருக்கிறவற்றை விட்டுவிடுங்கள். மருந்து படாத புழு கொஞ்சம் நிலத்தில் இருந்தால்தான் இந்த எதிர்ப்புப் புழு கலந்து நீர்த்துப் போகும். உங்கள் குளிரில் ஹிமோங்கஸ் குஞ்சு புல்லில் அதிகம் தங்காது. பனிக்காலம் முழுக்க மிருகத்தின் வயிற்றுக்குள் உறங்கும், வசந்தத்தில், முக்கியமாகக் குட்டி போடுகிற தாயில், ஒன்றாக எழும்பும். ஆகவே பெப்ரவரி, மார்ச்சில் ஒரு எண்ணிக்கை எடுங்கள். அதே ஆய்வுகூடம், அதே முறை, இல்லாவிட்டால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது.