இருள்வினை இரவில்தான் நடக்கிறதா?

கேள்வி:
ஒளிச்சேர்க்கையை ஒளிவினை, இருள்வினை என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அப்படியென்றால் செடி சர்க்கரை செய்வது ராத்திரியிலா? இன்னொரு சந்தேகம்: சமன்பாட்டில் குளுக்கோஸ் என்று எழுதிவிட்டு, செய்முறையில் அயோடின் விட்டு ஸ்டார்ச்சைத் தேடுவது ஏன்? வெயிலில் இருந்த இலையும் கருநீலமாகாமல் பழுப்பாகவே நின்றால் தப்பு எங்கே?

பதில் 1:
குழப்பமே அந்தப் பெயரால் வந்ததுதான். ஒளி நேரடியாகத் தேவையில்லை என்ற பொருளில் வைத்த பெயர் அது. வேலை நடப்பது பகலில். கார்பன் டை ஆக்ஸைடைச் சர்க்கரையாக்கும் இந்த வேலையைக் கால்வின் சுழற்சி என்றே சொல்லிப் பழகுங்கள்.

பசுங்கணிகத்துக்குள் (குளோரோபிளாஸ்ட்) இருக்கும் தைலகாய்டு என்ற தட்டைப் பைகளின் சவ்வில் ஒளியால் உண்டாகும் ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் (சர்க்கரை செய்ய ஆற்றல் தரும் மூலக்கூறுகள்) ராத்திரிக்கு எடுத்துவைக்கிற சரக்கு இல்லை, வெளிச்சம் போனதும் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதோடு, ஒளி படும்போது புரோட்டான்கள் தைலகாய்டுக்குள் போவதால் அதைச் சூழ்ந்த திரவமான ஸ்ட்ரோமாவின் பிஎச் 7-இலிருந்து 8 பக்கம் ஏறுகிறது, மக்னீசியமும் கூடுகிறது. கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்கும் நொதியான ருபிஸ்கோ சுறுசுறுப்பாவது அப்போதுதான். சுழற்சியின் வேறு சில நொதிகளையும் தயோரெடாக்சின் என்ற புரதம் வெளிச்சத்தில்தான் முடுக்கிவிடும்.

செலவுக் கணக்கு: 3 கார்பன் டை ஆக்ஸைடுக்கு 9 ஏடிபி, 6 என்ஏடிபிஎச். கிடைப்பது 6 ஜி3பி. இது மூன்று கார்பன் சர்க்கரை. அதில் 5 மறுபடி சுழற்சிக்கே போய்விடும், கையில் நிற்பது ஒன்றே ஒன்று. ஒரு குளுக்கோஸ் அளவுக்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்.

பதில் 2:
சமன்பாட்டில் வரும் குளுக்கோஸ் கணக்குச் சுலபத்துக்காக. மிஞ்சும் ஜி3பி பசுங்கணிகத்துக்குள்ளேயே தங்கினால் ஸ்டார்ச் ஆகும்; சைட்டோபிளாசத்துக்கு வந்தால் சுக்ரோஸ் ஆகி, புளோயம் என்ற உணவுக் குழாய் வழியாக வேருக்கும் காய்க்கும் போகும். குளுக்கோஸாகவே குவித்தால் செல் தண்ணீரை இழுத்து உப்பும். ஸ்டார்ச் கரையாது, அந்தத் தொல்லை இல்லை. ராத்திரி செடி அதை உடைத்துச் செலவழிக்கிறது. சோதனைக்கு முன் செடியை 24 முதல் 48 மணி நேரம் இருட்டில் வைப்பது பழைய இருப்பைக் காலிசெய்யத்தான்.

இனி பழுப்பு விவகாரம். பழுப்பு அயோடினின் சொந்த நிறம். ஸ்டார்ச் இல்லை, அல்லது அயோடின் அதைத் தொடவில்லை. இருட்டிலிருந்து எடுத்த செடிக்கு நல்ல வெளிச்சம் சில மணி நேரமாவது வேண்டும். இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடாமல் விட்டால் செல் சவ்வு உடையாது, அயோடின் உள்ளே இறங்காது. பிறகு ஸ்பிரிட்டில் பச்சையம் முழுக்க இறங்கி இலை வெளிறும்வரை வையுங்கள். ஸ்பிரிட் குழாயை வெந்நீருக்குள்தான் நிறுத்த வேண்டும், அடுப்பையும் அணைத்துவிடுங்கள். அதன் ஆவி பற்றிக்கொள்ளும். ஸ்பிரிட்டில் மொறுமொறுப்பான இலையை வெதுவெதுப்பான நீரில் முக்கி மென்மையாக்கி, ஆறவிட்ட பின் அயோடின் விடுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ச் இருந்தும் நீலம் தெரியாது.

பதில் 3:
முதல் பதிலோடு ஒன்று சேர்க்க வேண்டும். கள்ளி, அன்னாசி போன்றவை இலைத்துளையை ராத்திரியில் திறந்து, உள்ளே வரும் கார்பன் டை ஆக்ஸைடை மாலிக் அமிலமாகக் கட்டிவைக்கும். ஆனால் அதைச் சர்க்கரையாக்குவது மறுநாள் பகலில்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வெங்காயத்தாளில் இதே சோதனையைச் செய்யலாமா?

பதில் 2:
வேண்டாம். அது மிச்சத்தை ஸ்டார்ச்சாக இல்லாமல், சர்க்கரையாகவும் பிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியாகவும் வைத்துக்கொள்ளும். எவ்வளவு வெயில் காட்டினாலும் பழுப்புதான்.